தினம் ஒரு ராமென், ஒரு தட்டு கியோசா: முப்பது நாள் சவாலில் இறங்குவோருக்கு

ஜப்பானுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேர்ந்த புதிதில் பலருக்கும் ஓர் ஆசை எழும். ஒரு மாதம் முழுக்க, தினமும் ஒரு கிண்ணம் ராமெனும் (சூடான சூப்பில் மிதக்கும் நூடுல்ஸ்) ஒரு தட்டு கியோசாவும் (இறைச்சியும் காய்கறியும் உள்ளே வைத்து மடித்த, கொழுக்கட்டை போன்ற பண்டம்) சாப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும் என்று. ஆசையில் தவறில்லை. தெருவுக்குத் தெரு கடை, ஊருக்கு ஊர் வேறு சுவை, கையைக் கடிக்காத விலை. ஆனால் தொடங்கியவர்களில் பலர் இரண்டாவது வாரத்திலேயே சத்தமில்லாமல் தயிர் சோற்றுக்குத் திரும்பிவிடுகிறார்கள். கேட்டால் அலுத்துவிட்டது என்பார்கள். கொஞ்சம் துருவிக் கேட்டால் வேறு கதை வரும்: இரவெல்லாம் தாகம், காலையில் எழுந்தால் முகம் வீக்கம், விரலில் மோதிரம் இறுக்கம், நாள் முழுக்க மந்தம். இவையெல்லாம் உப்பு செய்கிற வேலை. பாவம், அலுப்பின் மேல் பழி விழுகிறது.

இந்தச் சவாலில் நூடுல்ஸ் யாரையும் தோற்கடிப்பதில்லை. நூடுல்ஸ் தீர்ந்தபிறகு கிண்ணத்தில் மிஞ்சும் சூப்தான் தோற்கடிக்கிறது. அதைக் குடிக்காமல் எழுந்துவரப் பழகியவர் முப்பது நாளையும் முடித்துவிடுவார். இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்து நிற்கும்.

முதலில் விதிகளை எழுதி வையுங்கள்

ஒரு தாளில் நாலைந்து வரி போதும். ராமென் என்று எதையெல்லாம் கணக்கில் சேர்ப்பீர்கள்? நூடுல்ஸைத் தனியாகவும் சூப்பைத் தனியாகவும் தரும் சுகெமென் சேருமா? சூப்பே இல்லாத அபுரா சோபா? வீட்டில் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உடனடி ராமென்? கியோசா என்றால் வாணலியில் பொரித்தது மட்டுமா, வேகவைத்ததும் எண்ணெயில் முக்கிப் பொரித்ததும் உண்டா? ஆவியில் வேகும் சிறு கொழுக்கட்டை போன்ற ஷூமாயைச் சேர்க்கலாமா? எல்லாவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்பதே என் யோசனை. விதி இறுகினால் முதலில் முறிவது மனம்.

இரண்டு விதிகளில் மட்டும் தளர்வு வேண்டாம். ஒன்று, ராமென் ஒரு நாளைக்கு ஒரு வேளைதான். மற்ற இரண்டு வேளையும் வழக்கமான சாப்பாடு. இரண்டு, ராமெனையும் கியோசாவையும் ஒரே வேளையில் சாப்பிட்டாக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மதியம் ராமென், இரவு வீட்டில் ஆறு கியோசா என்று பிரித்துக்கொண்டால் வயிறும் தாங்கும், நாக்கும் தாங்கும். கடைப் பலகைகளில் ராமென், கியோசா, அரைத் தட்டு வறுத்த சோறு என்று மூன்றையும் சேர்த்து ஒரே விலையில் போட்டிருப்பார்கள். மாவின் மேல் மாவு, அதன் மேல் சோறு. பார்க்க லாபமாகத் தெரியும். மதியத்துக்கு மேல் அலுவலகத்தில் கண் சொருகும்போதுதான் லாபம் யாருக்கு என்று புரியும்.

உடம்பைக் கேட்டுக்கொள்ளுங்கள்

இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் இவற்றில் ஏதாவது இருந்தால் மருத்துவரிடம் பேசாமல் தொடங்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். மற்றவர்கள் வீட்டில் இரத்த அழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். காலையில் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன் ஒருமுறை பார்த்துக் குறித்துவையுங்கள். தொடங்குவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே குறித்தால்தான் உங்கள் வழக்கமான அளவு என்ன என்று தெரியும். எண் தொடர்ந்து மேலே ஏறினால் சவாலை நிறுத்திவிடுங்கள்.

உப்புக் கணக்கு

ஜப்பான் சுகாதார அமைச்சகத்தின் உணவு வழிகாட்டுதல்படி வயது வந்த ஆண் ஒருவர் ஒரு நாளைக்கு 7.5 கிராமுக்குக் குறைவாகவும், பெண் 6.5 கிராமுக்குக் குறைவாகவும் உப்பு சேர்த்துக்கொள்ள வேண்டும். உலக சுகாதார நிறுவனம் இன்னும் கறார்: 5 கிராமுக்குள். ஒரு கிண்ணம் ராமெனைச் சூப்போடு காலி செய்தால் 5 முதல் 7 கிராம் வரை உள்ளே போய்விடும். அதாவது நாள் முழுவதற்குமான உப்பு ஒரே கிண்ணத்தில் தீர்ந்துவிடுகிறது. கியோசாவும், அதைத் தொட்டுக்கொள்ளும் சோயா சாஸும் இன்னும் கணக்கில் வரவில்லை.

இதில் ஏறத்தாழ பாதி சூப்பில் இருக்கிறது. கடைக்காரர் இதை எழுதிப் போட மாட்டார். கடையில் விற்கும் கப் நூடுல்ஸின் மேலுறையைத் திருப்பிப் பாருங்கள். நூடுல்ஸிலும் அதிலிருக்கும் காய்கறித் துணுக்குகளிலும் எவ்வளவு உப்பு, சூப்பில் எவ்வளவு உப்பு என்று தனித்தனியாக அச்சிட்டிருக்கும். மொத்தம் 5 கிராமை ஒட்டி வரும்; பாதிக்குப் பாதி சூப்பின் பங்கு. சூப்பை விட்டுவிட்டால் சவால் முடியக்கூடிய காரியம். குடித்தால் அது உடம்போடு போடும் வீண் சண்டை.

விட்டுவைப்பது எப்படி என்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. கிண்ணம் வந்ததும் பீங்கான் கரண்டியால் மூன்று வாய் சூப் குடியுங்கள். அந்தக் கரண்டிக்கு ரென்கே என்று பெயர். முதல் வாய் சூட்டுக்குப் போய்விடும். இரண்டாவதில் கொழுப்பு தெரியும். மூன்றாவதில்தான் அடியில் இருக்கும் மீன், எலும்பு, கடற்பாசி எல்லாம் பிடிபடும். அவ்வளவுதான், கரண்டியைக் கீழே வைத்துவிடுங்கள். அதன்பிறகு குச்சிகள் மட்டுமே கையில் இருக்கட்டும். நூடுல்ஸ் தன்னோடு இழுத்துவரும் சூப்பே சுவைக்குப் போதும். கரண்டி கையில் இருக்கும்வரை கை சும்மா இருக்காது. நூடுல்ஸ் முடிந்ததும் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்துவிடுங்கள். சூப்பை மிச்சம் வைத்தால் சமையற்காரர் மனம் புண்படும் என்று சிலர் தயங்குவார்கள். ஜப்பானியர்களிலேயே பலர் மிச்சம் வைக்கிறார்கள். யாரும் ஏறிட்டுப் பார்க்க மாட்டார்கள்.

பல கடைகளில் சுவையைக் குறைத்துக் கேட்கலாம். 'அஜி உசுமே' என்றால் உப்பு குறைவாக, 'அபுரா சுகுனமே' என்றால் எண்ணெய் குறைவாக. இந்த இரண்டையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

மற்ற வேளைகளில் உப்பைக் கட்டுப்படுத்த நம் சமையலே கைகொடுக்கும். உப்பில்லாத தயிர் ஊற்றிய சோறு, வேகவைத்த காய், வாழைப்பழம், பருப்பு என்று வைத்துக்கொள்ளலாம். ஊருக்குப் போனபோது அம்மா கொடுத்தனுப்பிய ஊறுகாயும் அப்பளமும் ஒரு மாதம் அலமாரியிலேயே இருக்கட்டும். அவையும் உப்புதான்.

இங்கே யாராவது ஆண்டோ மொமொஃபுகுவைச் சாட்சிக்கு இழுப்பார்கள். 1958 ஆகஸ்டில் உலகின் முதல் உடனடி ராமெனான சிக்கின் ராமெனை விற்பனைக்குக் கொண்டுவந்தவர் அவர். கப் நூடுல்ஸும் (1971) அவர் நிறுவனத்தினுடையதுதான். ஏறக்குறைய தினமும் தன் ராமெனைச் சாப்பிட்டு வந்த அவர் 2007 ஜனவரியில் இறந்தபோது வயது 96 என்று பத்திரிகைகள் எழுதின. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒருவருக்கு வாய்த்த ஆயுளை வைத்துத் தன் சாப்பாட்டை முடிவு செய்கிறவர், தெருமுனைக் கடையில் தொண்ணூறு வயது வரை பீடி பிடித்த தாத்தாவையும் உதாரணம் காட்டத் தயங்க மாட்டார்.

வகைகளை மாற்றி மாற்றிப் போடுங்கள்

புதியவர்கள் கடைகளின் பெயரைத்தான் பட்டியலிடுவார்கள். வகைகளைப் பட்டியலிடுவதே நல்லது. ஒரே வகையைப் பத்துக் கடையில் சாப்பிட்டால் ஐந்தாவது கடையிலேயே நாக்கு மரத்துவிடும். கனமான வகைக்கு அடுத்த நாள் இலேசான வகை என்று வைத்துக்கொண்டால் மாதம் நகரும்.

இலேசானவற்றில் முதலாவது ஷோயு, அதாவது சோயா சாஸில் சுவையூட்டியது. டோக்கியோவின் பழைய பாணி அதுதான். 1910இல் அசாகுசாவில் தொடங்கிய ராய்ராய்கென் என்ற கடை, யோகோஹாமாவிலிருந்து சீனச் சமையற்காரர்களை வரவழைத்து இந்தப் பாணியைப் பெருவாரியான மக்களிடம் கொண்டுபோனது. தெளிந்த கோழிச் சூப், சுருள் நூடுல்ஸ், மென்மா எனப்படும் புளிக்கவைத்த மூங்கில் குருத்து, ஒரு துண்டு பன்றியிறைச்சி. நூடுல்ஸின் மஞ்சள் நிறம் முட்டையால் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கான்சுய் என்ற காரநீரால் வருவது. கோதுமை மாவோடு அது சேரும்போதுதான் நிறமும், பல்லுக்கு எதிர்த்து நிற்கும் அந்த இழுவையும் கிடைக்கின்றன. ஷியோ என்பது வெறும் உப்பில் சுவையூட்டியது. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், மற்றவற்றிலும் உப்பு குறைவில்லை.

ஃபுகுஷிமா மாகாணத்தின் கிட்டகாட்டா ஊரில் காலைச் சாப்பாடாகவே ராமென் சாப்பிடுவார்கள். தட்டையான, தடித்த, நெளிந்த நூடுல்ஸ், இலேசான சூப். நம்மில் பலர் காலையில் இட்லிக்குப் பதில் ராமெனா என்று முகம் சுளிப்பார்கள். ஆனால் சவாலில் இருப்பவருக்கு அது மிக வசதி. காலையில் ராமெனை முடித்துவிட்டால் மீதி நாள் முழுக்க உப்பைச் சமன்செய்ய நேரம் இருக்கிறது.

கனமானவற்றில் சப்போரோவின் மிசோ ராமென், அதாவது புளிக்கவைத்த சோயா விழுதில் சுவையூட்டியது, 1950களில் பிறந்தது. குளிர்நாட்டுச் சாப்பாடு. மேலே பன்றிக் கொழுப்பு ஒரு படலமாக மிதந்து சூட்டை உள்ளேயே அடைத்து வைத்திருக்கும். ஆவி வராததைப் பார்த்து ஆறிவிட்டது என்று வாய் வைத்தால் நாக்கு வெந்துவிடும். முதலில் குச்சியால் நூடுல்ஸை அடியிலிருந்து தூக்கிப் புரட்டிவிடுங்கள்.

ஃபுகுவோக்காவின் ஹகாட்டா ராமென் டோங்கோட்சு வகை. பன்றி எலும்பைக் கொழுப்பும் மஜ்ஜையும் கரையும் வரை கொதிக்க வைத்த வெண்ணிறச் சூப். கடைக்கு நாலு வீடு முன்பே வாசனை வந்துவிடும். முதல் நாள் அந்த வாசனை பிடிக்காமல் திரும்பிப் போனவர்கள் உண்டு. நூடுல்ஸ் மெலிந்து நேராக இருக்கும், சட்டென்று வெந்து, சட்டென்று குழைந்தும் விடும். அதனால்தான் ஒரே தடவையாக நிறையக் கொடுக்காமல், கயெதாமா என்று கேட்டால் அதே சூப்பில் இன்னொரு பிடி நூடுல்ஸ் போடுவார்கள். மீன் சந்தைத் தொழிலாளர்களின் அவசரத்துக்காக நாகஹாமாவில் வந்த வழக்கம் இது. வேக்காட்டையும் கேட்பார்கள்: 'காட்டா' என்றால் கொஞ்சம் கெட்டி, 'பரிகாட்டா' என்றால் நன்றாகவே கெட்டி. 'காட்டா' போதும். மேசையில் சிவப்பு இஞ்சி, எள், காரக் கடுகிலை ஊறுகாய் எல்லாம் இலவசமாக இருக்கும். சூப்பை ருசிபார்ப்பதற்கு முன் கடுகிலையைப் போடாதீர்கள். அந்தக் காரம் ஏறினால் சூப்பின் ருசி தெரியாமலே போய்விடும்.

யோகோஹாமாவின் இயெகெய் வகை 1974இல் தொடங்கிய யோஷிமுராயா கடையின் வழி வந்தது. பன்றி எலும்பும் சோயா சாஸும் கலந்த சூப், தடித்த நூடுல்ஸ், கீரை, மூன்று தாள் கடற்பாசி. நூடுல்ஸின் கெட்டி, சுவையின் அடர்த்தி, எண்ணெயின் அளவு மூன்றையும் இங்கே விருப்பப்படி சொல்லலாம் என்பதால் மேலே சொன்ன இரண்டு சொற்றொடர்களும் சரியாக வேலை செய்யும். பல கடைகளில் சோறு இலவசம். கடற்பாசியைச் சூப்பில் நனைத்துச் சோற்றைச் சுருட்டிச் சாப்பிடும் பழக்கம் அபாரமானது, ஒப்புக்கொள்கிறேன். மாதத்தில் ஒரு தடவைக்கு மேல் வேண்டாம்.

டோக்கியோவின் மீட்டாவில், கேயோ பல்கலைக்கழகத்தின் அருகே, ராமென் ஜிரோ இருக்கிறது. 1968இல் தொடங்கியது. சிறிய கிண்ணம் என்று எழுதியிருப்பதிலேயே பச்சை எடையில் 300 கிராம் அளவுக்கு நூடுல்ஸ் இருக்கும். அதன் மேல் முளைப்பயறும் முட்டைக்கோஸும் குவியலாக, ஓரத்தில் செங்கல் கனத்தில் இறைச்சி. பூண்டு போடட்டுமா என்று கடைக்காரர் கேட்கும்போதுதான் பதில் சொல்ல வேண்டும்; அதற்கு முன் வாயைத் திறக்கக் கூடாது. நான் இதைச் சவாலுக்கு வெளியே வைப்பேன். ஆசைப்பட்டால் சனிக்கிழமை மதியம் போங்கள், அன்றைக்கு வேறெதுவும் சாப்பிட முடியாது.

சுகெமென் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். சவாலில் இருப்பவருக்கு இதைவிடத் துணை கிடையாது என்று நினைக்கிறேன். யமகிஷி கசுவோ என்பவர் கடைப் பணியாளர்கள் சாப்பிட்ட முறையிலிருந்து எடுத்து 1955இல் டோக்கியோவின் நக்கானோ பகுதியில் உள்ள டைஷோகென் கடையில் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். பிறகு 1961இல் கிழக்கு இகெபுகுரோவில் தன் சொந்தக் கடையைத் திறந்தார். நாடு முழுக்க அவருக்குச் சீடர்கள். குளிர்ந்த நீரில் அலசிய தடித்த நூடுல்ஸ் ஒரு தட்டில், கெட்டியான சூடான சூப் ஒரு சிறு கிண்ணத்தில். நாலைந்து இழையை எடுத்து, நுனியை மட்டும் தோய்த்து உறிஞ்ச வேண்டும். எவ்வளவு உப்பு உள்ளே போகிறது என்பது உங்கள் கையில் இருக்கிறது. முடிவில் மிச்சச் சூப்பில் வெந்நீரோ இலேசான சாறோ ஊற்றித் தருவார்கள். அதைக் குடிப்பது சம்பிரதாயம். நம் கணக்குப்படி அதைப் பணிவோடு விட்டுவிடலாம்.

நாகோயாவின் தைவான் மஸெசோபா, டோக்கியோவின் அபுரா சோபா போன்ற சூப்பில்லாத வகைகள் இரண்டொரு நாள் மாற்றத்துக்கு நல்லது. அவற்றில் சாஸ் முழுக்க நூடுல்ஸிலேயே ஒட்டியிருப்பதால் உப்பு குறைவு என்று ஏமாந்துவிட வேண்டாம்.

கடைக்குள் நுழைவது

பல கடைகளில் வாசலை ஒட்டி ஒரு டிக்கெட் இயந்திரம் நிற்கும். முதலில் பணத்தைப் போட வேண்டும். அப்போதுதான் பொத்தான்களில் விளக்கு எரியும். இடது மேல் மூலையில் இருக்கும் பொத்தான் பெரும்பாலும் அந்தக் கடையின் அடையாள ராமென். எதுவும் படிக்கத் தெரியாவிட்டால் அதை அழுத்துங்கள். சிறு சிவப்பு விளக்கு எரிந்தாலோ பெருக்கல் குறி தெரிந்தாலோ அது தீர்ந்துவிட்டது என்று பொருள். டிக்கெட்டை எடுத்த கையோடு நடந்துவிடாதீர்கள். பல பழைய இயந்திரங்களில் சில்லறைக்கான பொத்தானையோ நெம்புகோலையோ இயக்கினால்தான் மிச்சக் காசு கொட்டும். இன்னொன்று: 2024 ஜூலையில் புதிய யென் தாள்கள் புழக்கத்துக்கு வந்தன. மாற்றப்படாத பழைய இயந்திரங்கள் புதிய தாளை அப்படியே துப்பிவிடும். பையில் பழைய ஆயிரம் யென் தாள் சிலவும் நாணயங்களும் வைத்திருங்கள்.

வரிசை இருந்தால் எங்கே டிக்கெட் வாங்குவது என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் டிக்கெட் வாங்கிவிட்டுத்தான் வரிசையில் நிற்க வேண்டும், சில கடைகளில் நேர்மாறு. உட்கார்ந்ததும் டிக்கெட்டை மேடைமேல் வையுங்கள். தண்ணீர் நீங்களே பிடித்துக்கொள்ள வேண்டும். பையைக் காலடியில் இருக்கும் கூடையில் வைக்கலாம். நூடுல்ஸைச் சத்தமாக உறிஞ்சுவது இங்கே மரியாதைக் குறைவில்லை. காற்றோடு உள்ளே போனால் சூடும் அடங்கும், மணமும் மூக்குக்கு ஏறும். அப்படி உறிஞ்ச வராதவர்கள் வருத்தப்பட வேண்டாம், சத்தமில்லாமல் சாப்பிட்டாலும் யாரும் திட்ட மாட்டார்கள். படம் எடுப்பதானால் சட்டென்று ஒன்று எடுத்துவிட்டுச் சாப்பிடுங்கள். படம் கூடாது என்று ஒட்டியிருந்தால் எடுக்காதீர்கள். வெளியே வரிசை நிற்கும்போது முடித்தபிறகும் கைபேசியை நோண்டிக்கொண்டு உட்காருவது இங்கே பெரிய குற்றம். கிண்ணத்தை மேடைமேல் தூக்கி வைத்துவிட்டு, 'கோச்சிசோசமா' (சாப்பாட்டுக்கு நன்றி) என்று சொல்லிக் கிளம்புங்கள். டிப்ஸ் கிடையாது.

மதியம் மூன்றிலிருந்து ஐந்து வரை பல கடைகள் மூடிவிடும். சூப் தீர்ந்தால் எந்த நேரத்திலும் மூடுவார்கள். அதனால் எப்போதும் இரண்டாவது கடை ஒன்றை மனத்தில் வைத்திருங்கள்.

இறைச்சி விஷயம்

இதை ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். ராமென் பெரும்பாலும் பன்றி, கோழி, மீன் ஆகியவற்றின் சாறு. இறைச்சித் துண்டை எடுத்துவிடச் சொன்னால் எடுத்துவிடுவார்கள், சூப் மாறாது. கோழி ராமென் என்று எழுதியிருந்தாலும் மேலே பன்றித் துண்டு இருக்கலாம், எண்ணெய் பன்றிக் கொழுப்பாக இருக்கலாம். கியோசாவின் உள்ளேயும் வழக்கமாகப் பன்றி. பன்றி சாப்பிடாதவர்கள் ஹலால் கடைகளைத் தேடிக்கொள்ள வேண்டும், பெருநகரங்களில் கிடைக்கும். சைவர்களுக்கு டோக்கியோ ரயில் நிலையத்தின் உள்ளேயே டீஸ் டான்டான் என்ற கடை இருக்கிறது. எள் அரைத்த சூப், முழுக்கத் தாவர உணவு. சைவமாக இருந்துகொண்டு முப்பது நாளும் கடையிலேயே சாப்பிடுவது நடவாத காரியம். பெரும்பாலான நாட்களில் வீட்டில்தான் சமைக்க வேண்டியிருக்கும்.

கியோசாவுக்குத் தனி மரியாதை

சவாலில் ராமென் எல்லாப் பெருமையையும் தட்டிக்கொண்டு போகிறது. கியோசாவைத் தொடுகறிபோல ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு.

வடசீனாவில் இதன் மூலமான ஜியாவோசி பெரும்பாலும் வேகவைத்தது, தடித்த தோலோடு அதுவே முழுச் சாப்பாடு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மஞ்சூரியாவிலிருந்து திரும்பிய ஜப்பானியர்கள் இதைக் கொண்டுவந்து பரப்பினார்கள். இங்கே தோல் மெலிந்தது, பூண்டு கூடியது, வாணலியில் ஒரு பக்கம் மட்டும் முறுகலாக வறுப்பது வழக்கமானது. வறுத்தது யாகி, வேகவைத்தது சுய், எண்ணெயில் முக்கிப் பொரித்தது ஆகெ. ஒரு தட்டுக்கு வழக்கமாக ஆறு.

ஊர்ச் சண்டைகளில் இது பெரியது. டோச்சிகி மாகாணத்தின் உட்சுனோமியா, ஷிசுவோக்கா மாகாணத்தின் ஹமமாட்சு இரண்டும் கியோசாத் தலைநகரம் யார் என்று ஆண்டாண்டாக மோதிக்கொண்டிருந்தன. 2021ஆம் ஆண்டுக் கணக்கில் தெற்கே இருந்த மியாசாக்கி இரண்டையும் தள்ளிவிட்டு முதலிடத்துக்கு வந்தது. இதில் வேடிக்கை, அரசின் அந்தக் குடும்பச் செலவுக் கணக்கில் கடைகளில் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோகும் கியோசா மட்டுமே வரும். உணவகத்தில் சாப்பிடுவதும் உறைநிலைப் பொட்டலங்களும் வராது. ஆனாலும் ஊர்க்காரர்கள் தேர்தல் முடிவுபோல அதற்காகக் காத்திருக்கிறார்கள்.

ஒரு வார இறுதியில் உட்சுனோமியாவுக்குப் போய்வாருங்கள். டோக்கியோவிலிருந்து ஷின்கான்செனில் ஏறக்குறைய ஐம்பது நிமிடம். ரயில் நிலையத்தருகே ஓயா என்ற உள்ளூர்க் கல்லில் செதுக்கிய கியோசாச் சிலையே நிற்கிறது. மசாஷி என்ற கடையில் வறுத்தது, வேகவைத்தது இரண்டு மட்டுமே. சோறும் பீரும் கிடையாது. அந்தத் துணிச்சல் எனக்குப் பிடிக்கும். அங்கே காய்கறி கூடுதலாக இருப்பதால் இரண்டு தட்டு போவதே தெரியாது. ஹமமாட்சுவில் கியோசாவை வாணலியில் வட்டமாக அடுக்கி, நடுவில் வேகவைத்த முளைப்பயறு ஒரு பிடி வைப்பார்கள். ஃபுகுவோக்காவில் ஒரு வாய்க்குள் அடங்கும் குட்டிக் கியோசா. டோக்கியோவின் கமாட்டாவில், ஓரமெல்லாம் மெல்லிய முறுகல் ஏடு விரிந்த 'இறகு' கியோசா.

தொட்டுக்கொள்வதில்தான் உப்பு ஒளிந்திருக்கிறது. வழக்கமான கலவை சோயா சாஸ், வினிகர், மிளகாய் எண்ணெயான ராயு. இதில் சோயா சாஸை விட்டுவிட்டு வினிகரில் மிளகுத்தூளை நிறையத் தூவித் தொட்டுப் பாருங்கள். ஜப்பானியர்கள் பலரே இப்படிச் சாப்பிடுகிறார்கள். உள்ளேயிருக்கும் இறைச்சிக்கு ஏற்கெனவே உப்பு போட்டிருப்பதால் குறை தெரியாது, எண்ணெய்ப் பிசுக்கும் நாக்கிலிருந்து விலகும்.

பூண்டு வாசனை மறுநாள் கூட்டத்தில் பக்கத்து இருக்கைக்காரரைத் தாக்கும். வேலை நாட்களில் பூண்டில்லாத கியோசா கேளுங்கள். கியோசா நோ ஓஷோ போன்ற பெரிய நிறுவனக் கடைகளில் பூண்டுக்குப் பதில் இஞ்சி போட்டது தனியாகவே இருக்கிறது.

வீட்டு நாட்கள்

வாரத்தில் இரண்டு மூன்று நாளாவது வீட்டில் செய்யுங்கள். கடையில் ஒரு கிண்ணம் ஆயிரம் யென்னை ஒட்டி வருகிறது. ஒரு தட்டு கியோசா முந்நூறு நானூறு. முப்பது நாளும் வெளியே என்றால் நாற்பதாயிரம் யென் போய்விடும்.

கியோசா செய்வது கடினமில்லை. தோல் எந்தப் பல்பொருள் அங்காடியிலும் அடுக்காகக் கிடைக்கும். முட்டைக்கோஸைப் பொடியாக நறுக்கி, கொஞ்சம் உப்புத் தூவிப் பத்து நிமிடம் வைத்து, இரண்டு கையாலும் முறுக்கிப் பிழியுங்கள். பிழிந்தது போதும் என்று தோன்றியபின் இன்னொரு முறை பிழியுங்கள். தண்ணீர் தங்கினால் தோல் கிழியும். கொத்திய கோழியோ பன்றியோ, பூண்டுத்தழை, இஞ்சி, நல்லெண்ணெய்க்கு ஈடாக இங்கே கிடைக்கும் வறுத்த எள் எண்ணெய் சேர்த்து, கையில் ஒட்டும் வரை பிசையுங்கள். தோலின் பாதி விளிம்பில் தண்ணீர் தடவி மடியுங்கள். கொழுக்கட்டை பிடிக்கும் கை இருந்தால் மடிப்பு தானாக வரும்.

வாணலியில் எண்ணெய் தடவி அடுக்குங்கள். அடி இலேசாகச் சிவந்ததும் கியோசாவின் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு வெந்நீர் ஊற்றி மூடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து காதைக் கொடுங்கள். கொதிக்கும் சத்தம் மாறிப் படபடவென்று வறுபடும் சத்தம் வந்தால் தண்ணீர் வற்றிவிட்டது. ஓரத்தில் ஒரு கரண்டி எள் எண்ணெய் விட்டு, ஒரு நிமிடம் பொறுத்து, தட்டைக் கவிழ்த்து மூடித் திருப்புங்கள். வெந்நீரில் ஒரு கரண்டி மாவு கரைத்திருந்தால் கமாட்டாவின் இறகு உங்கள் வாணலியிலும் விரியும். மிச்சத்தை ஒன்றோடொன்று ஒட்டாமல் தட்டில் பரப்பி உறைய வைத்து, பிறகு பையில் கொட்டி வையுங்கள். சமைக்கும்போது உருக்க வேண்டியதில்லை, அப்படியே வாணலியில் அடுக்கலாம்.

உடனடி ராமென் நாட்களில் மசாலாப் பொட்டலத்தில் பாதியை மட்டும் போடுங்கள். பாதிக் கட்டுக் கீரை, ஒரு முட்டை, மிளகு சேர்த்தால் குறை தெரியாது.

குறிப்பேடும், தவறிய நாளும்

ஒவ்வொரு நாளும் மூன்று விஷயம் எழுதுங்கள்: எந்த வகை, சூப்பில் எவ்வளவு மிச்சம் வைத்தீர்கள், மறுநாள் காலை உடம்பு எப்படி இருந்தது. மதிப்பெண் போடுவது உங்கள் விருப்பம்; இரண்டு வாரத்தில் எந்த வகை உங்கள் உடம்புக்கு ஒத்துவருகிறது என்று அந்த மூன்றாவது வரியே சொல்லிவிடும்.

அலுப்பு தட்டினால் ஷின் யோகோஹாமாவின் ராமென் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். 1994இல் திறந்தது. உள்ளே 1958ஆம் ஆண்டின் பழைய தெரு ஒன்றையே கட்டியெழுப்பி, நாட்டின் பல பகுதிக் கடைகளை அதில் வைத்திருக்கிறார்கள். சிறு கிண்ணம் கேட்டு வாங்கினால் ஒரே நாளில் இரண்டு மூன்று ஊரின் ராமெனை ருசிபார்த்துவிடலாம். அன்றைக்கு மட்டும் ஒரு கிண்ண விதியைத் தளர்த்திக்கொள்ளுங்கள், சூப் விதியை அல்ல.

காய்ச்சலோ பயணமோ வந்து ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் இரண்டு கிண்ணம் சாப்பிட்டு ஈடுகட்ட வேண்டாம். கடைசியில் ஒரு நாளைக் கூட்டிக்கொள்ளுங்கள். காலில் வீக்கம் வந்தாலோ, தலைவலி இரண்டு நாளைத் தாண்டினாலோ, அதோடு நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.